கறவை மாட்டுக்கு மரத்தழைச் சைலேஜ்: புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள லிந்தாங், ஜாலோங் பகுதிகளிலும் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, இரண்டு மூன்று கறவை மாடுகளை வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. முன்பெல்லாம் தோட்டத்து ஓரத்தில் மேய்த்தே மாட்டைக் காப்பாற்ற முடிந்தது. இப்போது செம்பனை வரிசைகளுக்கு இடையே களைக்கொல்லி அடிக்கிறார்கள். தோட்டத்தை ஒட்டி வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டதால், மாட்டை அவிழ்த்து விட்டால் நகராண்மைக் கழகத்தின் லோரி வந்து நிற்கிறது. ஆகவே ஆற்றோரத்திலும் சாலையோரத்திலும் புல்லறுத்து வந்து போட்டுவிட்டு, குறையும் சத்துக்குப் பி.கே.சி. என்று கடையில் கேட்டு வாங்கும் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கையும் தீவன வில்லைகளையும் நம்பியிருக்கிறோம். பால் விற்ற காசில் பெரும்பங்கு அந்த மூட்டைக்கே போகிறது.

அந்த மூட்டையில் ஒரு பங்கை வேலி மரங்களிலிருந்து, தழையைக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த சைலேஜாக எடுப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். புல்லுக்குப் பதிலாக மரத்தழை என்று சிலர் சொல்வது சரியன்று. மாட்டின் வயிற்றை நிரப்பப் புல் வேண்டும், அதில் மாற்றமில்லை. புல்லில் இல்லாதது புரதம். ஆறு வாரத்தில் அறுத்த நேப்பியர் புல்லில், ஈரம் நீக்கிய எடையில் 8 முதல் 10 விழுக்காடு புரதம் இருக்கும். முற்ற முற்ற அது இன்னும் குறையும். அதே கணக்கில் கிளிரிசிடியா, சூபாபுல் போன்ற மரங்களின் தழையில் 20 முதல் 25 விழுக்காடு வரை புரதம் உண்டு, பி.கே.சி.யிலோ 14 முதல் 18 விழுக்காடுதான். ஆக, தழை நமக்குப் பயன்படுவது புண்ணாக்கின் இடத்தில்தான். புல்லின் இடத்தில் அன்று.

தழையை அன்றன்று வெட்டிப் போடுவதில் என்ன குறை என்று கேட்கலாம். போடலாம், நேரமிருந்தால் அதுவே எளிது. ஆனால் மரம் நம் வசதிக்குத் தழைப்பதில்லை. பேராக்கின் இப்பகுதியில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை பிடிக்கிறது. அப்போது தழை வெட்டி மாளாது. பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும் வெயில் காய்கிறது. புல்லும் சுருங்கி, தழையும் முற்றிவிடும். தைப்பூசத்துக்குப் பால் குடம் எடுப்போர் வீட்டு வாசலில் வந்து பால் கேட்கும் நாள்கள் இந்த வறட்சியை ஒட்டியே வருகின்றன என்பது பால்காரர்கள் அனைவரும் அறிந்த சங்கடம். நவம்பரில் மிஞ்சுவதைப் பிப்ரவரிக்குக் கொண்டுபோகும் வழிதான் சைலேஜ்.

உள்ளே நடப்பது என்ன

நறுக்கிய தழையைக் காற்றுப் புகாமல் அழுத்தி மூடினால், அதில் எஞ்சியிருக்கும் காற்றை இலையே ஓரிரு நாளில் மூச்சாக இழுத்துத் தீர்த்துவிடும். காற்றில்லாத இடத்தில் வாழும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் அதன்பின் பெருகி, இலையிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலமாக்குகின்றன. அமிலம் ஏறி, பி.எச். அளவு 4.2 அல்லது 4.5 வரை இறங்கியதும் அழுக வைக்கும் நுண்ணுயிர்கள் செயலிழந்து, தழை அப்படியே நின்றுவிடும். உப்பும் அமிலமும் ஏறி எண்ணெய் மூடி நின்ற ஊறுகாய் கெடாமல் இருப்பதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான்.

புல்லுக்கு இது எளிதில் நடக்கும். தழைக்கு நடப்பதில் இரண்டு இடைஞ்சல்கள் உண்டு. மரத்தழையில் பாக்டீரியா தின்பதற்கான சர்க்கரை குறைவு. அத்துடன், புரதம் மிகுந்த இலை, உண்டாகும் அமிலத்தை உறிஞ்சி மட்டுப்படுத்திவிடுகிறது. எனவே புல்லைப் போலவே தழையையும் வெட்டித் திணித்து மூடினால், அமிலம் போதிய அளவு ஏறுவதற்குள் வேறு வகைப் பாக்டீரியா புகுந்து, வெண்ணெய் கெட்ட நாற்றத்தோடு எல்லாவற்றையும் சேறாக்கிவிடும். கீழே சொல்லப்படும் வாட்டுதல், சர்க்கரை சேர்த்தல், புல் கலத்தல் ஆகிய மூன்றும் இந்த இரண்டு இடைஞ்சல்களுக்கும் பரிகாரமே.

எந்த மரம்

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது கிளிரிசிடியா. வெளிர் ஊதா கலந்த ரோஜா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். கொக்கோ போட்ட காலத்தில் நிழலுக்கு நட்ட மரம் இதுதான். முற்றிய கிளையை ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு வெட்டி, கீழ்முனையைச் சாய்வாகச் சீவி, மழை தொடங்கும்போது ஊன்றினால் வேலியாகவே வந்துவிடும். நட்ட முதலாண்டில் கைவைக்காமல் வளர விட்டு, அதன்பின் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெட்டலாம். பச்சையாகப் போட்டால் இதன் வாடைக்குப் பல மாடுகள் மூக்கைத் திருப்பிக்கொள்ளும். வாடினாலும் சைலேஜ் ஆனாலும் அந்த வாடை தணிந்துவிடுவது நமக்கு இரட்டை நன்மை. அசைபோடும் கால்நடைகளுக்கு மட்டுமே இது தீவனம்; குதிரைக்கும் கோழிக்கும் ஆகாது.

அடுத்தது, மலாய்க்காரர்கள் பெத்தாய் பெலாலாங் என்று அழைக்கும் சூபாபுல். சாலையோரத்திலும் தரிசிலும் தானாக முளைத்துக் கிடப்பதால் காசில்லாமல் கிடைக்கிறது. மாடும் விரும்பித் தின்னும். ஆனால் இதில் மிமோசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அளவு மீறினால் மாட்டுக்கு முடி உதிரும், எச்சில் ஒழுகும், கழுத்தில் தைராய்டு வீங்கும். ஹவாய்த் தீவு வெள்ளாடுகளின் வயிற்றில் இந்த நச்சை முறிக்கும் பாக்டீரியா இருப்பதை 1980களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ் கண்டறிந்தார். அந்தப் பாக்டீரியாவின் அறிவியல் பெயரில் அவர் பெயரும் சேர்ந்திருக்கிறது. உங்கள் மாட்டின் வயிற்றில் அது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஆளில்லாத நிலையில், சைலேஜ் ஆக்கும்போது மிமோசின் குறையும் என்றாலும், மொத்தத் தீவனத்தின் உலர் எடையில் 30 விழுக்காட்டைத் தாண்டாமல் கொடுப்பதே பாதுகாப்பானது. சினை மாட்டுக்கு அதிலும் பாதி போதும்.

முசுக்கட்டை, முருங்கை, இண்டிகோஃபெரா ஆகியவையும் நல்ல தழைகளே. கொல்லையில் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். அகத்தியை அமாவாசைக்குப் பசுவுக்குக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. சத்திலும் அது குறைந்ததன்று. ஆனால் அடிக்கடி ஒட்ட வெட்டினால் அகத்தி பட்டுப்போகும். அதை நம்பி ஒரு பீப்பாயை நிரப்பத் திட்டமிடாதீர்கள். மரவள்ளி இலையில் சயனைடு உண்டாகும் என்பதால் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. நறுக்கி, நன்றாக வாட்டி, மற்றத் தழையோடு சிறுபங்காகச் சேர்த்து மூடினால் நச்சு வெகுவாகக் குறைந்துவிடும். ரப்பர் இலையிலும் அதே நச்சு இருப்பதால் அதைத் தொடவே வேண்டாம். அரளி, உண்ணிச்செடி, ஆமணக்கு ஆகியவற்றின் ஓர் இலைகூடத் தழைக்கட்டில் வந்துவிடாமல் பார்க்க வேண்டும். சைலேஜ் ஆனால் எல்லா நச்சும் போய்விடும் என்று எண்ணுவது ஆபத்து.

செம்பனை மட்டையைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. தினமும் வெட்டிக் கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். மார்டி ஆய்வுக்கழகம் பல ஆண்டுகளாக மட்டையை மாட்டுத் தீவனமாக்கும் ஆய்வுகளை நடத்தியிருக்கிறது. மட்டையும் நல்ல முறையில் சைலேஜ் ஆகும். ஆனால் அதன் புரதம் புல்லைவிடவும் குறைவு. அது வயிற்றை நிரப்பும் நார்த்தீவனமே. முள்ளும் கட்டையுமாக இருக்கும் மட்டையை நறுக்கச் சாதாரணப் புல் நறுக்கி தாங்காது. செம்பனை இலையைத் தின்னும் பைப்புழு தாக்கிய காலத்தில் மரத்தண்டில் துளையிட்டு மருந்து ஏற்றுவார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அப்படிப்பட்ட மரத்தின் மட்டை மாட்டுக்கு நஞ்சு. தொடக்கக்காரர் மட்டையை விட்டுவிடுவதே நல்லது.

வெட்டுவதற்கு முன்

தழை நின்ற இடம் யாருடையது, அங்கே கடைசியாக என்ன மருந்து எப்போது அடித்தார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் விடை தெரியாமல் பாராங் கத்தியை எடுக்காதீர்கள். தோட்டத்து எல்லையில் நிற்கும் மரமென்றால் அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும். ஆனால் மருந்து விவரத்தை அலுவலகத்தைவிட மருந்து அடிக்கும் கும்பலின் மேற்பார்வையாளரான மண்டோர் துல்லியமாகச் சொல்வார். எந்த பிளாக்கில் எந்தக் கிழமை டேங்கைத் தூக்கினார்கள் என்பது அவர் வாயில் இருக்கும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது உண்மைதான். தடை செய்யப்படாத மருந்துகளும் பாலில் வரக்கூடாதவையே. சந்தேகம் இருந்தால் அந்தத் தழையை விட்டுவிடுங்கள். செம்பனைக்குக் கீழே பச்சைப் பசேலென்று படர்ந்திருக்கும் முக்குணாக் கொடியைப் பார்த்துவிட்டு, அதையும் அள்ளி வரலாம் என்று நினைப்போர் உண்டு. மாடு அதை விரும்பித் தின்னாது.

ஒரு மரத்தில் எவ்வளவு தழை கிடைக்கும் என்பது மண்ணையும் வயதையும் பொறுத்து மாறும். உங்கள் வேலியில் நடுத்தரமான ஒரு மரத்தை வெட்டி, தழையை மட்டும் உருவித் தராசில் நிறுத்துப் பாருங்கள். அதை வைத்து மொத்தத்தையும் கணக்கிடலாம். ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 8 கிலோ சைலேஜ் என்று வைத்தால், அறுபது நாளுக்கு 480 கிலோ. 200 லிட்டர் பீப்பாயில் நன்றாக மிதித்து அடைத்தால் 100 முதல் 120 கிலோ பிடிக்கும் என்பதால், மாட்டுக்கு நாலைந்து பீப்பாய் தேவைப்படும். முதல் முறை ஒரே ஒரு பீப்பாய் போடுங்கள். குழி வெட்டிப் போடும் முறை பெரிய பண்ணைக்கு உரியது. நம் பக்கத்து மழையில், நிலத்தடி நீர் ஏறும் மண்ணில், சிறு குழிக்குள் தண்ணீர் வராமல் காப்பது வீண் போராட்டம்.

பீப்பாய் வாங்கும்போது அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். மருந்து, அமிலம், மசகெண்ணெய் வந்த பீப்பாய் எத்தனை முறை கழுவினாலும் தீவனத்துக்கு ஆகாது. சமையல் எண்ணெய், கிச்சாப், சர்க்கரைப் பாகு போன்ற உணவுப்பொருள் வந்த நீலப் பீப்பாயாக, மூடியில் ரப்பர் வளையமும் இரும்புப் பட்டையும் உடையதாகப் பார்த்து எடுக்க வேண்டும். உரச்சாக்குக்குள் தடித்த பிளாஸ்டிக் பை வைத்து அடைப்பது மலிவுதான். ஆனால் எலி ஓர் இரவில் ஓட்டை போட்டால் மறுநாளே காற்றுப் புகுந்துவிடும். எலிக்காகவே ஆந்தைக் கூடு வைக்கும் தோட்டங்களின் நடுவில் இருந்துகொண்டு பையை நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாட்டுதல்

வேலை கெடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அன்று வெட்டிய தழையில் நூற்றுக்கு எழுபத்தைந்து முதல் எண்பது பங்கு தண்ணீர். அதே ஈரத்தோடு அடைத்தால் சாறு வடிந்து அடியில் தேங்கும். சத்தும் அதோடு போகும். அழுகலும் அங்கிருந்தே தொடங்கும். உலர் பொருள் 30 முதல் 35 விழுக்காடு வரும்வரை வாட வேண்டும். எளிய கணக்கொன்று: 100 கிலோ பச்சைத் தழையில் 22 கிலோ உலர் பொருள் இருக்கிறதென்றால், எடை 70 கிலோவுக்கு இறங்கும்போது ஈரம் சரியாக வந்திருக்கும். கட்டுக்கட்டாக நிறுத்து அடையாளம் வைத்துவிட்டால் தராசே சொல்லிவிடும்.

தராசு இல்லாவிட்டால் கையே போதும். நறுக்கிய தழையை ஒரு பிடி அள்ளி, முப்பது எண்ணும் வரை இறுக்கிப் பிடித்துவிட்டுத் திறவுங்கள். விரலிடுக்கில் சாறு கசிந்தால் ஈரம் அதிகம். உருண்டையாக நின்று, மெல்ல மெல்ல இளகிப் பிரிந்து, உள்ளங்கையில் ஈரம் பட்டும் படாமலும் இருந்தால் அதுவே பதம். திறந்த உடனேயே உதிர்ந்து சிதறினால் அளவுக்கு மேல் காய்ந்துவிட்டது. அதை எவ்வளவு மிதித்தாலும் காற்று வெளியேறாது. அப்படிக் காய்ந்ததற்குப் பச்சைப் புல்லைக் கூடுதலாகக் கலப்பதே மருந்து. குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

இங்கே பிற்பகலில் இடி மழை வருவது வாடிக்கை என்பதால், காலையில் பனி விலகியதும் வெட்டி, பத்து மணிக்குள் சிமெண்டுத் தரையிலோ கென்வஸிலோ மெல்லிய படலமாகப் பரப்பிவிட வேண்டும். நல்ல வெயிலில் நான்கைந்து மணி நேரத்தில் வாடிவிடும். இடையில் இருமுறை கிளறி விடவும். மேகம் மூடிய நாளில் கூரைக்கடியில் காற்றோட்டமான இடத்தில் பரப்பி மறுநாள் வரை விடலாம். ஆனால் குவித்து வைக்காதீர்கள். குவியலுக்குள் கை விட்டால் சூடு தெரியும். அந்தச் சூட்டில் எரிவது நாம் தேடிய சர்க்கரையும் புரதமும்தான். தடித்த கிளையை நீக்கி, இலையையும் விரல் தடிமனுக்குக் குறைவான இளந்தண்டையும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

நறுக்கிக் கலப்பது

இரண்டு முதல் மூன்று செ.மீ. அளவில் நறுக்க வேண்டும். நறுக்கும் இயந்திரம் இருந்தால் ஒரு மணி நேர வேலை. இல்லாவிட்டால் கட்டையில் வைத்துப் பாராங்கால் கொத்தலாம், ஒரு பீப்பாய்க்கு அது முடியாத காரியமன்று. நீளமாக விட்டால் இடையிடையே காற்றுப்பை நின்றுவிடும்.

முதல் முறைக்கு நான் பரிந்துரைக்கும் கலவை, பாதி தழை, பாதி நேப்பியர் அல்லது பாக்சோங் புல். புல்லிலுள்ள சர்க்கரை தழையின் குறையை ஈடுசெய்வதால் தவறுவதற்கு இடம் குறைவு. புல்லை 45 முதல் 60 நாளுக்குள் அறுத்து அதையும் சற்றே வாட்டியிருக்க வேண்டும். இந்தக் கலவையில் 100 கிலோவுக்கு 2 முதல் 3 கிலோ மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்பாகு, சேர்த்தால் போதும். கை பழகிய பிறகு தழை மட்டும் போட விரும்பினால் 4 முதல் 5 கிலோ வேண்டும். மொலாசஸைச் சம அளவு வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பூவாளியால் தெளித்துப் புரட்டினால் எல்லா இடத்திலும் படும். கெட்டியாகவே ஊற்றினால் ஓரிடத்தில் பசையாக நின்றுவிடும். மொலாசஸ் கிடைக்காதபோது துருவிய மரவள்ளிக் கிழங்கை நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை சேர்க்கலாம். அரிசித் தவிடும் உதவும். கலவை சற்று ஈரமாகத் தெரிந்தால் தவிடே சிறந்தது, ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

தயிர் ஊற்றினால் சீக்கிரம் புளிக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. இலையின் மேல் இயல்பாகவே லாக்டிக் பாக்டீரியா இருக்கிறது. இல்லாதது அதற்கான சாப்பாடு. கடையில் விற்கும் நுண்ணுயிர்க் கலவைகளும் சில நாள் முந்தித் தரலாம். ஆனால் அந்தக் காசுக்கு மொலாசஸ் வாங்குவது மேல். உப்பும் யூரியாவும் இதில் வேண்டாம். தழையிலேயே புரதம் போதியது இருக்க, யூரியா அமிலத்தை இன்னும் மட்டுப்படுத்தும்.

மிதித்து மூடுவது

பீப்பாயின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் ஓர் அடுக்குப் பரப்பி, சுத்தமான பூட்ஸ் காலோடு உள்ளே இறங்கி, முதலில் ஓரத்தைச் சுற்றியும் பிறகு நடுவிலும் மிதிக்க வேண்டும். காற்றுத் தங்குவது நடுவில் அன்று, பீப்பாய்ச் சுவரை ஒட்டிய விளிம்பில். லிந்தாங் பக்கம் மாடு வைத்திருக்கும் ஓர் அக்கா, மகனை உள்ளே இறக்கி மிதிக்கவிட்டு, வெளியே நின்று கைமுட்டியால் பீப்பாயைத் தட்டிக்கொண்டே வருவார். "இங்க இன்னும் டொக்குன்னு கேக்குதுடா, நல்லா மிதி" என்று இடம் காட்டுவார். நன்றாக இறுகிய இடத்தில் ஓசை உள்ளடங்கி மந்தமாகக் கேட்கும். காற்று நிற்கும் இடத்தில் வெற்றாக ஒலிக்கும். எந்தக் கருவியைவிடவும் இது நம்பகமான சோதனை.

விளிம்புக்கு மேலும் சற்றுக் குவியலாக நிரப்பி மிதித்து, மேலே தடித்த பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சுவரோடு ஒட்டச் செருகி, அதன்பின் மூடியைப் போட்டு இரும்புப் பட்டையைப் பூட்ட வேண்டும். வெட்டியது முதல் மூடுவது வரை ஒரே நாளில் முடிய வேண்டும். வாட்டுவதற்காக இரவு தங்கினால் மறுநாள் காலைக்குள் முடித்துவிடுங்கள். அரைப் பீப்பாய் நிரப்பி மீதியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. மூடியின்மேல் தேதி, என்ன தழை, எந்த இடத்துத் தழை, எவ்வளவு மொலாசஸ் என்று அழியாத மையில் எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். முதல் சில நாள் உள்ளே வாயு உண்டாகி மூடி சற்று உப்பும். அதற்காகத் திறந்து பார்க்கக் கூடாது.

திறப்பதும் தேறியதா என்று பார்ப்பதும்

மூன்று வாரத்தில் புளித்து முடியும் என்றாலும் முப்பது நாள் பொறுப்பது நல்லது. திறந்தவுடன் முகத்தை உள்ளே நீட்டாதீர்கள். உள்ளே நிற்கும் வாயு மூச்சுக்கு ஆகாது. சிறு பிள்ளைகள் பீப்பாய்ப் பக்கம் விளையாடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நன்றாக அமைந்த சைலேஜ் பச்சை மங்கி, மஞ்சள் கலந்த ஆலிவ் நிறத்தில் இருக்கும். இலை இலையாகவே தெரியும். புளிப்பும் சிறிது இனிப்பும் கலந்த, பழம் ஊறியது போன்ற மணம் வரும். மருந்துக்கடையில் கிடைக்கும் பி.எச். தாளைச் சாற்றில் தோய்த்துப் பார்த்தால் தழைக் கலவைக்கு 4.5க்குள் இருப்பது நன்று. 5ஐத் தாண்டினால் கெட்டது என்று கொள்ளலாம். கருகிய புகையிலை மணத்தோடு காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தால், காற்றுத் தங்கிச் சூடேறிவிட்டது. மாடு தின்னும், ஆனால் அதிலுள்ள புரதம் செரிக்காது. கையில் வழவழவென்று ஒட்டி, அம்மோனியா வாடையோ கெட்ட வெண்ணெய் நாற்றமோ வந்தால் ஈரம் அதிகமாக இருந்திருக்கிறது. அதை எருக்குழிக்கு அனுப்புங்கள்.

மேற்பரப்பில் மட்டும் வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பூஞ்சணம் இருந்தால், அதையும் அதற்குக் கீழே ஒரு சாண் அளவையும் எடுத்தெறிந்துவிட்டு மிச்சத்தைச் சோதித்துப் பார்க்கலாம். உள்ளெல்லாம் பரவியிருந்தால் முழுவதும் கழிவுதான். பூஞ்சணம் பிடித்த சைலேஜில் லிஸ்டீரியா போன்ற கிருமிகள் வளர்ந்து சினை மாடு கன்று வீசக் காரணமாகும். கிளிரிசிடியாவில் இயல்பாக இருக்கும் கூமரின் என்ற பொருளைப் பூஞ்சணம் இரத்தம் உறைவதைத் தடுக்கும் நஞ்சாக மாற்றக்கூடும் என்பதால், அந்தத் தழையில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். போட்ட உழைப்பை நினைத்து, "கொஞ்சம்தானே" என்று கலந்துவிட மனம் வரும். ஒரு மாட்டின் விலையை எண்ணிப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும்.

மாட்டுக்குக் கொடுப்பது

சுமார் 400 கிலோ எடையுள்ள கலப்பினக் கறவை மாடு ஒன்று, அது ஃப்ரீசியன்-சாஹிவால் கலப்பான மாஃப்ரிவாலாக இருந்தாலும் நம்மூர்க் கலப்பாக இருந்தாலும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 கிலோ உலர் பொருள் தின்னும். அதில் கால் பங்கு முதல் 30 விழுக்காடு வரை தழைச் சைலேஜாக இருக்கலாம். ஈரத்தோடு நிறுத்தால் 9 முதல் 11 கிலோ. 8 கிலோவில் நிறுத்திக்கொள்வது எளிது. ஆனால் முதல் நாளே 8 கிலோவைக் கொட்டிவிடக் கூடாது. ஒரு கிலோவில் தொடங்கி, பழகிய புல்லோடு பிசறிக் கொடுத்து, பத்து நாளில் மெதுவாக ஏற்றினால்தான் மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் பழகும். சில மாடு முதல் இரண்டு நாள் முகர்ந்துவிட்டு ஒதுங்கும். மேலே ஒரு பிடி பி.கே.சி.யைத் தூவினால் நாக்கை நீட்டும்.

புண்ணாக்கை எவ்வளவு குறைக்கலாம்? பாதி தழையும் பாதி புல்லுமான 8 கிலோ சைலேஜில் உள்ள புரதம், கணக்குப்படி ஏறத்தாழ இரண்டரைக் கிலோ பி.கே.சி.யின் புரதத்துக்குச் சமம். எனினும் தழையிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் புரதத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொழுப்பும் புண்ணாக்கில் கிடைக்கும் அளவு இதில் கிடைக்காது. ஆகவே முதலில் ஒரு கிலோ மட்டும் குறைத்து, இரண்டு வாரம் காலைப் பாலையும் மாலைப் பாலையும் தனித்தனியே அளந்து எழுதுங்கள். அளவு நின்றால் இன்னும் அரைக் கிலோ குறைக்கலாம். பால் இறங்கினாலோ மாட்டின் விலா எலும்பு தெரியத் தொடங்கினாலோ புண்ணாக்கைத் திரும்பக் கூட்டிவிட வேண்டும்; ஈன்று இரண்டு மாதமே ஆன மாட்டிடம் இந்தச் சோதனையே வேண்டாம்.

சைலேஜின் வாடை பாலில் ஏறும் என்பது உண்மை. கறந்து முடித்த பிறகு கொடுத்தால் அடுத்த கறவைக்குள் அது நீங்கிவிடும். கறப்பதற்கு முந்தைய நான்கு மணி நேரத்தில் கொடுக்கக் கூடாது. திறந்த பீப்பாயைக் கறக்கும் இடத்திலிருந்து தள்ளி வைக்கவும். கோயிலுக்கு அபிஷேகப் பால் ஊற்றுபவருக்கும் தயிர் போட்டு விற்பவருக்கும் இது சிறிய விஷயமன்று. நான்கு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்குச் சைலேஜ் தேவையில்லை. சுத்தமான தண்ணீரும் உப்புக்கட்டியும் எப்போதும் எதிரில் இருக்கட்டும். மாடு அசைபோடாமல் நின்றாலோ, சாணம் தண்ணீராகப் போனாலோ, சைலேஜை உடனே நிறுத்திவிட்டுக் கால்நடைச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்; என்ன தழை, எத்தனை நாளாகக் கொடுத்தீர்கள் என்ற விவரத்தையும் சேர்த்துச் சொன்னால் மருத்துவருக்கு வேலை எளிதாகும்.

திறந்த பீப்பாய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டதால் ஒவ்வொரு நாளும் மேலிருந்து பத்து செ.மீ. அளவாவது சமமாக எடுத்து, பிளாஸ்டிக் தாளை அழுத்திப் போட்டு மூடிக்கொண்டே வர வேண்டும். நடுவில் குழி தோண்டுவது போல் எடுத்தால் ஓரமெல்லாம் சூடேறிக் கெடும். இரண்டு மாடு இருந்தால் ஒரு பெரிய பீப்பாய் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும், கவலையில்லை. ஒரே மாடு வைத்திருப்பவர் ஒவ்வொரு 200 லிட்டர் பீப்பாய்க்கும் பதிலாக 60 லிட்டர் பீப்பாய்களாக மூன்று நான்கு போட்டு, ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைத் திறப்பது புத்திசாலித்தனம். தீர்ந்த பீப்பாயைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டு, மூடியின் ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து மாற்றிவையுங்கள். அதற்குள் வேலியில் வெட்டிய மரங்கள் மீண்டும் தழைத்து, அடுத்த வெட்டுக்குத் தயாராகியிருக்கும்.